மாமா கொடுத்தா உறவு, மருமகன் திருப்பிக் கொடுத்தா அந்நியமா?



போன மாசம் என் காலேஜ் நண்பன் மஸ்கட்ல இருந்து கூப்பிட்டான். என்கூட மெக்கானிக்கல் படிச்சவன். ரெண்டு வருஷம் இங்கே வேலை தேடி அலைஞ்சு, கடைசியில ஓமனுக்குக் கிளம்பிப் போனான். விசா, டிக்கெட், ஏஜென்ட், கைச்செலவு எல்லாத்துக்கும் சேர்த்து நாலு லட்சம். கொடுத்தது அவனோட தாய்மாமா. ஹார்டுவேர் கடை வச்சிருக்கார். கையில ரொக்கம் இல்லாததால அத்தையோட நகையை பேங்க்ல அடகு வச்சு, பேரை எழுதி வாங்காம, வட்டி பேசாம கொடுத்தார்.

இப்போ நண்பன் சம்பாதிக்கிறான். முதல் வேலையா மாமா நகையை மீட்டுக் கொடுக்கணும்னு நிக்கிறான். ஆனா மாமா போன்ல சொன்னாராம்: "பேங்க்ல போடாத மாப்ள. வெளிநாட்டுல இருந்து பணம் வந்தா முப்பது பர்சென்ட் வரி பிடிச்சுக்குவாங்களாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு. உண்டியல்காரர்கிட்ட சொல்லி அனுப்பு, வீட்டுலயே வந்து கொடுத்துட்டுப் போயிடுவாங்க."

"டேய், அது வதந்தி, தைரியமா பேங்க்ல போடு"ன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டேன். மனசு கேக்கல. ராத்திரி உக்காந்து சட்டத்தை எடுத்துப் படிச்சேன். மாமா சொன்ன முப்பது பர்சென்ட் பொய்தான். ஆனா அவர் பயத்துல பாதி நியாயம் இருக்கு. அது அந்த வாட்ஸ்அப் எழுதினவனுக்கும் தெரிஞ்சிருக்காது, மாமாவுக்கும் தெரியாது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆனா நம்ம ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒரு பாஸ்போர்ட் இருக்கு. கடைசி வரைக்கும் படிங்க.

▪️ முதல்ல, இது எவ்வளவு பெரிய விஷயம்?

ரிசர்வ் வங்கியோட கணக்கெடுப்புப்படி, 2023-24ல வெளிநாட்டுல இருந்து இந்தியாவுக்கு நம்ம மக்கள் அனுப்பின பணம் 118.7 பில்லியன் டாலர். அதுல தமிழ்நாட்டோட பங்கு 10.4 சதவீதம். மகாராஷ்டிராவுக்கும் கேரளாவுக்கும் அடுத்த இடம் நமக்குத்தான். ரூபாய்ல பார்த்தா சுமார் ஒரு லட்சம் கோடி. ராமநாதபுரத்துலயும் தஞ்சாவூர்லயும் கட்டி முடிச்ச வீடு, கட்டின காலேஜ் ஃபீஸ், மீட்ட நகை, தங்கச்சி கல்யாணம் எல்லாம் இந்தப் பணத்துலதான் நடக்குது. இவ்வளவு பணம் அனுப்புற மக்களுக்கு, அதோட வரிக் கணக்கை அவங்க மொழியில யாரும் உக்கார வச்சுச் சொல்லித் தரல. அந்த வெற்றிடத்துலதான் வதந்தி குடியேறுது.

▪️ வீட்டுக்கு அனுப்புற பணத்துக்கு வரி உண்டா?

அம்மா, அப்பா, மனைவி, பிள்ளைங்க, அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சிக்கு நீங்க அனுப்புற பணத்துக்கு, வாங்குறவங்க ஒரு ரூபாய்கூட வருமான வரி கட்டத் தேவையில்ல. பத்தாயிரமா இருந்தாலும் சரி, பத்து லட்சமா இருந்தாலும் சரி. மாசச் செலவுக்கு அனுப்பினாலும், வீடு கட்ட அனுப்பினாலும் இதேதான்.

அப்போ அந்த வாட்ஸ்அப் எங்கிருந்து வந்துச்சு? ரெண்டு மூணு செய்தியைக் கலக்கி அடிச்ச கூட்டுப் பொரியல் அது. அமெரிக்காவுல 2025 ஜூலையில ஒரு சட்டம் போட்டாங்க. 2026 ஜனவரி 1ல இருந்து, அங்கே ரொக்கமாவோ மணி ஆர்டராவோ கொடுத்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினா 1 சதவீதம் வரி. பேங்க் அக்கவுண்ட்ல இருந்து அனுப்பினா அதுவும் கிடையாது. வளைகுடாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. முப்பது சதவீதம்ங்கிறது வேற இடத்துல வரும். வெளிநாட்டுல இருக்கிறவங்க என்.ஆர்.ஓ. கணக்குல வச்சிருக்கிற பணத்துக்கு வர்ற வட்டியில பிடிக்கிற வரி அது. வட்டிக்கு மட்டும்தான், அனுப்புற பணத்துக்கு இல்ல. இதை ரெண்டையும் சேர்த்து யாரோ ஒரு வரியில எழுதி விட்டுட்டாங்க.

▪️ எந்த மாசம் விமானம் ஏறினீங்க?

வரி விஷயத்துல முதல் கேள்வியே இதுதான். நம்ம நிதியாண்டு ஏப்ரல் 1ல தொடங்குது. வேலைக்காக வெளிநாடு போற இந்தியக் குடிமகன், கிளம்புற அந்த ஆண்டுல இந்தியாவுல 182 நாளுக்குக் குறைவா இருந்தா, அந்த ஆண்டுக்கு அவர் 'வெளிநாடுவாழ் இந்தியர்'. அப்போ அங்கே உழைச்சு அங்கேயே வாங்குற சம்பளத்துக்கு இங்கே வரி இல்ல.

ஆகஸ்ட்ல கிளம்பினவருக்குப் பிரச்சினை இல்ல. டிசம்பர்ல கிளம்பினா? ஏப்ரல்ல இருந்து டிசம்பர் வரைக்கும் எண்ணினா 182 தாண்டிடும். அந்த ஒரு ஆண்டுக்கு அவர் இங்கே குடியிருப்பவர்தான். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூணு மாசச் சம்பளம் இங்கேயும் கணக்குல வரும். அங்கே புதுசா திறந்த பேங்க் கணக்கையும் ரிட்டர்ன்ல காட்டணும். பெரும்பாலான நம்ம பசங்களுக்கு மொத்த வருமானம் குறைவா இருக்கிறதால கடைசியில வரி பூஜ்யம்னுதான் வரும். ஆனா காட்டாம விட்டா அது வேற சட்டத்துக்குள்ள போகும். 2015ல வந்த கறுப்புப் பணச் சட்டம், பெரிய முதலைகளைப் பிடிக்கக் கொண்டு வந்தது. வலையில சிக்குறது மீன்குஞ்சா இருக்கக் கூடாது. அதனால காட்டிடுங்க.

▪️ கணக்கை மாத்தினீங்களா?

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினதும், இங்கே இருக்கிற சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்கா மாத்தணும்ங்கிறது விதி. நம்மாளுங்க நிறைய பேர் இதைச் செய்யறதில்ல. அதோட என்.ஆர்.இ. கணக்கு ஒண்ணு தொடங்கிக்கோங்க. அங்கே சம்பாதிச்ச பணத்தை இங்கே போட்டு வைக்கிற கணக்கு அது. வட்டிக்கு இங்கே வரி கிடையாது. திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போகவும் தடை கிடையாது. வாடகை, பென்ஷன், நிலம் வித்த பணம் மாதிரி இந்தியாவுல வர்ற வருமானம் என்.ஆர்.ஓ.வுல போகணும். ரெண்டையும் கலக்காதீங்க.

இன்னொரு சின்ன விஷயம். மனைவிக்கு அனுப்புற பணத்துக்கு வரி இல்ல. ஆனா அவங்க அதை ஃபிக்ஸட் டெபாசிட்ல போட்டா, அந்த வட்டி சட்டப்படி உங்க வருமானத்தோட சேரும். அதே பணத்தை அம்மாவுக்குக் கொடுத்து அவங்க போட்டா, வட்டி அம்மாவோட வருமானம். சமையல் செலவுக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் போற பணத்துல இந்தக் கேள்வியே வராது.

▪️ இப்போ மாமா விஷயத்துக்கு வருவோம்

1958ல இருந்து நம்ம நாட்டுல பரிசு வரின்னு தனிச் சட்டமே இருந்துச்சு. 1998 அக்டோபர்ல இருந்து அது போயிடுச்சு. அப்புறம் 2004ல, பரிசா வர்ற பணத்தை 'வருமானம்'னு சொல்லி வருமான வரிச் சட்டத்துக்குள்ளேயே கொண்டு வந்தாங்க. முதல்ல வரம்பு 25,000 ரூபாய். 2006ல அது 50,000 ஆச்சு. ஒரு நிதியாண்டுல உறவு இல்லாதவங்ககிட்ட இருந்து மொத்தமா 50,000 ரூபாய்க்கு மேல பணம் வந்தா, தாண்டின தொகை மட்டும் இல்ல, முழுத் தொகையும் வாங்குனவரோட வருமானம். உறவினர்கிட்ட இருந்து வந்தா விலக்கு.

சரி, உறவினர்னா யாரு? இங்கேதான் தோழர்களே, சட்டம் எழுதினவங்க நம்ம ஊர்ல ஒரு காதுகுத்துக்குக்கூட வந்ததில்லன்னு தெரியுது.

சட்டம் பட்டியல் போடுது. கணவன் அல்லது மனைவி. உடன்பிறந்தவங்க. கணவன் அல்லது மனைவியோட உடன்பிறந்தவங்க. அப்பா அம்மாவோட உடன்பிறந்தவங்க. நேர் வழியில மேலே அப்பா அம்மா, தாத்தா பாட்டி, கீழே பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க. கணவன் அல்லது மனைவி வழியில அதே நேர்கோடு. அப்புறம் இவங்களோட வாழ்க்கைத் துணைங்க. அவ்வளவுதான்.

பார்த்தா நீளமாத்தான் தெரியும். ஆனா ஒண்ணைக் கவனிங்க. இந்தப் பட்டியல் பணம் வாங்குறவர் பக்கத்துல இருந்து மட்டும்தான் பார்க்கப்படுது.

மாமா நண்பனுக்குக் கொடுத்தப்போ வாங்கினது நண்பன். அவனுக்கு மாமா, அம்மாவோட உடன்பிறந்தவர். பட்டியல்ல இருக்கார். விலக்கு உண்டு. நண்பன் மாமாவுக்குக் கொடுக்கும்போது வாங்குறது மாமா. அவருக்கு அக்கா பையன் யாரு? பட்டியலைத் தலைகீழாப் புரட்டினாலும் அக்கா பையன், தங்கச்சி பையன், அண்ணன் மகள் யாரும் இல்ல. சட்டத்தோட கண்ணுல மருமகன் அந்நியன்.

அதாவது அதே ரெண்டு பேர். அதே பணம். மேலே இருந்து கீழே வந்தா உறவு, கீழே இருந்து மேலே போனா உறவில்ல. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் இதே கதைதான். உங்களை வளர்த்து ஆளாக்கினவங்க கொடுக்கலாம். நீங்க திருப்பிச் செஞ்சா கணக்குக் கேக்கும்.

இன்னும் கேளுங்க. சித்தப்பா பையன் பட்டியல்ல கிடையாது. நமக்கு 'கஸின்'னு ஒரு சொல்லே தமிழ்ல இல்ல. சித்தப்பா மகன் தம்பி, பெரியம்மா மகள் அக்கா, அவ்வளவுதான். ஒரே வீட்டுல ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவங்க. சட்டத்துக்கு அவங்க ரெண்டு பக்கமுமே அந்நியர். ஆனா சகலை? மனைவியோட தங்கச்சி வீட்டுக்காரர்? அவர் உறவினர்! சகலைமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா கல்யாண மண்டபத்துல மட்டும் பார்க்கிற சகலை உள்ளே, கூடப் பொறந்த மாதிரி வளர்ந்த சித்தப்பா பையன் வெளியேன்னா, இது யார் வீட்டு உறவுமுறை?

மாமனாருக்கு மருமகன் கொடுத்தா விலக்கு உண்டு, ஏன்னா அவர் மகளோட கணவன். அப்போ நண்பன் மாமன் மகளைக் கட்டிக்கிட்டா தாய்மாமா மாமனார் ஆயிடுவார், வரிப் பிரச்சினை தீர்ந்துடும். டாக்டருங்க சொந்தத்துல கட்டாதீங்கன்னு சொல்றாங்க. வரிச் சட்டம் மட்டும் கட்டிக்கச் சொல்லுது.

▪️ கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சிரிச்சது போதும். மாமாவோட கடை வருமானம் வருஷத்துக்கு 9 லட்சம்னு வச்சுக்குவோம். புதிய வரி முறையில 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடி இருக்கிறதால அவருக்கு வரி பூஜ்யம். நண்பன் ஒரே நிதியாண்டுல 4 லட்சம் அனுப்புறான். அது பரிசுன்னு கணக்கு வச்சா மாமாவோட வருமானம் 13 லட்சம். தள்ளுபடி போச்சு. 4ல இருந்து 8 லட்சம் வரைக்கும் 5 சதவீதம், 20,000 ரூபாய். 8ல இருந்து 12 வரைக்கும் 10 சதவீதம், 40,000. மிச்சம் ஒரு லட்சத்துக்கு 15 சதவீதம், 15,000. மொத்தம் 75,000. அதுமேல 4 சதவீதம் செஸ். ஆக 78,000 ரூபாய்.

அத்தை நகையை அடகு வச்சு அக்கா பையனை அனுப்பி வச்சவருக்கு, அந்தப் பணம் திரும்ப வந்ததுக்கு 78,000 வரி.

நியாயமாப் பேசணும்னா இதையும் சொல்லணும். மாமாவோட வருமானம் 5, 6 லட்சம்தான்னா, இந்த 4 லட்சம் சேர்ந்தாலும் 12 லட்சத்துக்குள்ளதான் இருக்கும். வரி வராது. ஆனா ரிட்டர்ன் போடணும், கணக்குக் காட்டணும். பெட்டிக்கடையோ தறியோ வச்சிருக்கிற, ஆடிட்டர் வாசலே மிதிக்காத ஒரு மாமாவுக்கு அதுவே பெரிய அலைச்சல்.

இன்னொரு முக்கியமான விஷயம். கடனைத் திருப்பிக் கொடுக்கிறது பரிசு இல்ல. அசல் திரும்ப வந்தா அது யாருக்கும் வருமானம் இல்ல, வரியும் இல்ல. அதுக்கு மேல வட்டின்னு கொடுத்தா அந்த வட்டி மட்டும்தான் அவர் வருமானம். அப்போ நண்பன் தப்பிச்சான்ல? இல்ல. அது கடன்தான்னு காட்டறதுக்கு அவன்கிட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்ல. மாமாகிட்ட எழுதிக் கேட்டா அவமானம்னு நினைச்சான். எழுதி வாங்கினா அசிங்கம்னு மாமா நினைச்சார். நம்ம ஊர்ல பாசத்துக்குப் பத்திரம் எழுதற பழக்கம் கிடையாது. சட்டத்துக்கு பத்திரம் இல்லாத பாசம் புரியாது. நடுவுல மாட்டிக்கிறது நம்ம வீடு.

▪️ அப்போ என்ன செய்யணும்?

கிளம்பப் போற தம்பி தங்கச்சிங்க, ஏற்கனவே அங்கே இருக்கிறவங்க எல்லாரும் இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

1. மாமா, சித்தப்பா, நண்பர்னு யார்கிட்ட கடன் வாங்கினாலும், கிளம்புறதுக்கு முன்னாடியே புரோநோட்டு எழுதிக் கொடுங்க. தேதி, தொகை, வட்டி உண்டா இல்லையா, எப்போ திருப்பித் தருவீங்கன்னு இருக்கட்டும். அவர் கேக்க மாட்டார். நீங்களே நீட்டுங்க. "மாமா, இது உங்களுக்காக இல்ல, உங்ககிட்ட யாராவது கேள்வி கேட்டா காட்டறதுக்கு"ன்னு சொல்லுங்க.

2. பணம் பேங்க் வழியா வரட்டும். 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா கடன் வாங்கக் கூடாது, ரொக்கமா திருப்பிக் கொடுக்கவும் கூடாது. மீறினா அந்தத் தொகைக்குச் சமமா அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. ரெண்டு பேருக்கும் விவசாய வருமானம் மட்டும் இருந்து, வரி கட்டுற வருமானம் யாருக்கும் இல்லன்னா கடன் வாங்குறதுல விலக்கு உண்டு. ஹார்டுவேர் கடை மாமாவுக்கு அது பொருந்தாது.

3. திருப்பி அனுப்பும்போது குறிப்புல 'கடன் திருப்பம்'னு போடுங்க. குடும்பச் செலவுன்னு போட்டுட்டு அப்புறம் கடன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. முடிஞ்சதும் புரோநோட்டுல வரவு எழுதி கையெழுத்து வாங்கி வச்சுக்கோங்க.

4. நீங்க வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகு மாமா கடன் கொடுக்கிறதா இருந்தா நில்லுங்க. அப்போ அந்நியச் செலாவணி விதிகள் வந்துடும். அதுல இருக்கிற உறவுப் பட்டியல் இன்னும் சின்னது. அதுல மாமா எந்தப் பக்கத்துல இருந்து பார்த்தாலும் உறவு இல்ல. பேங்க்ல கேக்காம செய்யாதீங்க.

5. ரூம்மேட் கணக்குல உங்க பணத்தையும் சேர்த்து அனுப்பாதீங்க. "உன் அக்கவுண்ட்ல போட்டு எங்கப்பாவுக்கு அனுப்பிடு மச்சி"ன்னு சொல்றது நமக்கு சகஜம். ஆனா பேங்க் பதிவுல உங்கப்பாவுக்குப் பணம் அனுப்பினது யாரோ ஒருத்தர். மகன் அனுப்பினதுன்னு காட்ட முடியாது.

6. ரூம்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னு பத்து பேர் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டு அவங்க வீட்டுக்கு அனுப்பறோம். நல்ல மனசு. ஆனா அது ஒரு லட்சம், 50,000 தாண்டிடுச்சு, முழுசும் அவங்கப்பாவோட வருமானக் கணக்குல வரும். பெரும்பாலும் வரி பூஜ்யமாத்தான் முடியும். யார் யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு ஒரு பட்டியல் கூடவே கொடுத்துடுங்க.

7. கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளைக்கு வர்ற மொய்க்கு வரி இல்ல, யார் கொடுத்தாலும். ஆனா அந்த விலக்கு கல்யாணம் ஆகுறவங்களுக்கு மட்டும்தான். அவங்க அப்பா கணக்குல நண்பர்கள் போட்டா இது பொருந்தாது. மொய் நோட்டைப் பத்திரமா வையுங்க.

8. முதல் ரெண்டு மாச வாடகைக்கு வீட்டுல இருந்து உங்களுக்கு அனுப்புறாங்களா? ஒருத்தர் ஒரு நிதியாண்டுல 10 லட்சம் வரைக்கும் அனுப்பினா பேங்க்ல டி.சி.எஸ். பிடிக்க மாட்டாங்க. தாண்டினா பிடிப்பாங்க. அது அப்பாவோட வரிக் கணக்குல முன்பணமாப் போகும், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

9. வேலைக்கு அனுப்புற பதிவு பெற்ற ஏஜென்ட், சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் அதுக்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சக்கணக்குல கேட்டா ரசீது கேளுங்க. ரசீது இல்லன்னா அந்தக் கடனே வேண்டாம்.

▪️ உண்டியல் ஏன் வேண்டாம்?

மாமா சொன்ன உண்டியலுக்கு வருவோம். வேகமா வரும், வீட்டுக்கே வரும், ரேட்டும் ஒரு காசு கூடுதலா இருக்கும். எல்லாம் உண்மைதான். ஆனா அது அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம். சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூணு மடங்கு வரைக்கும் அபராதம் போடலாம். பணம் நடுவழியில காணாமப் போனா போலீஸ் ஸ்டேஷன்ல புகார்கூடக் கொடுக்க முடியாது.

அதைவிட முக்கியமானது ஒண்ணு. உண்டியல்ல வந்த ரொக்கத்தை ஒரு நாள் பேங்க்ல போட்டே ஆகணும். வீடு பத்திரம் முடிக்க, ஆஸ்பத்திரிக்குக் கட்ட. அன்னைக்கு "இது எங்கிருந்து வந்துச்சு?"ன்னு கேட்டா, "என் பையன் பாலைவனத்துல நின்னு சம்பாதிச்சது"ன்னு சொல்ல அம்மாகிட்ட ஆதாரம் இருக்காது. கணக்குக் காட்ட முடியாத பணத்துக்கு தனி வரி விகிதம். கழிவும் கிடையாது, அடிப்படை விலக்கும் கிடையாது. வியர்வை சிந்திச் சம்பாதிச்ச வெள்ளைப் பணத்தை, ஒரு வாட்ஸ்அப் வதந்தியை நம்பி நாமே கறுப்பாக்கிடுறோம்.

▪️ நம்ம கோரிக்கை என்ன?

எச்சரிக்கையா இருங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போறது ஆடிட்டர் வேலை. நாம அரசியல் இயக்கம். சட்டம் தப்பா இருந்தா மாத்தச் சொல்லணும்.

2004ல இந்த விதியைக் கொண்டு வந்தது ஒரு கூட்டணி. 1961ம் வருஷச் சட்டத்தையே தூக்கிட்டு 2025ல புதுச் சட்டம் எழுதினது இன்னொரு கூட்டணி. எளிமையாக்குறோம்னு சொன்னாங்க. 2026 ஏப்ரல் 1ல இருந்து அது நடைமுறை. பிரிவு எண் மாறிச்சு, வார்த்தைகள் குறைஞ்சுது. 50,000 அப்படியே இருக்கு. மருமகன் இன்னும் அந்நியன்தான். நாமளும் இத்தனை நாள் இதைப் பேசலங்கிறதையும் ஒத்துக்கணும். இப்போ பேசுவோம்.

ஒண்ணு: உறவு ரெண்டு பக்கமும் உறவா இருக்கணும். யார் கொடுத்தா விலக்கோ, அவங்களுக்கே திருப்பிக் கொடுத்தாலும் விலக்கு. அக்கா தங்கச்சி, அண்ணன் தம்பி பிள்ளைகளைப் பட்டியல்ல ஒரு வரி சேர்த்தா முடிஞ்சுது. சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை பிள்ளைகளையும் சேர்க்கணும்.

"அப்படிச் செஞ்சா கறுப்புப் பணக்காரன் மாமா பேர்ல சுத்தி விடுவானே?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா இன்னைக்கே அப்பா, அண்ணன், சகலை பேர்ல வரம்பே இல்லாமச் சுத்தி விடலாம். அதுக்கு இல்லாத பயம் மருமகன்கிட்ட மட்டும் ஏன்? பேங்க் வழியா, பான் எண்ணோட வர்ற பணத்துக்கு மட்டும் விலக்குன்னு நிபந்தனை வைக்கட்டும். நாம வேண்டாம்னு சொல்லல.

ரெண்டு: 50,000 வரம்பை உயர்த்தணும். 2006ல அந்தப் பணத்துக்கு அஞ்சு பவுனுக்கு மேலேயே வாங்கலாம். இன்னைக்கு ஒரு பவுன்கூட வராது. விலைவாசியோட சேர்ந்து தானா உயர்ற மாதிரி சட்டத்துலயே எழுதி வைக்கட்டும்.

மூணு: வெளிநாடு கிளம்புறவங்களுக்கு ஒன்றிய அரசு நடத்துற முன்பயிற்சியில, வரி, பேங்க் கணக்கு, பணம் அனுப்புறது பத்தி ஒரு பாடம் தமிழ்ல இருக்கணும். நம்ம மாநிலத்துல அயலகத் தமிழர் நலனுக்குத் துறையே இருக்கு. மாவட்டந்தோறும் ஒரு உதவி மேசை போட்டு, பாஸ்போர்ட் வாங்குற அன்னைக்கே நாலு பக்கத் தமிழ்க் கையேடு கையில கொடுக்கலாம். பெரிய செலவு இல்ல.

▪️ கடைசியா

நண்பன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "மாமாகிட்ட போய் இது கடன்னு எழுதிக் கொடுங்கன்னு எப்படிடா சொல்வேன்? அவர் கடன்னு நினைச்சுக் கொடுக்கலையே"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. அவர் மனசுல அது கடனும் இல்ல, பரிசும் இல்ல. அக்கா பையனுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சார். அதுக்குச் சட்டத்துல ஒரு கட்டம் இல்ல.

மாமா நாலு லட்சத்தையும் பேங்க் டிரான்ஸ்ஃபர்லதான் போட்டிருந்தார். அது ஒரு புண்ணியம். அன்னைக்கு நடந்ததை நடந்தபடியே, முன்தேதி எதுவும் போடாம, இன்னைய தேதியில ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கறதா முடிவு. உண்டியல் வேண்டாம்னு மாமாவும் ஒத்துக்கிட்டார். முதல் தவணை பேங்க் வழியா வந்திருக்கு. நகை இன்னும் முழுசா மீளல.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு மாமா இருப்பார். இந்தப் பதிவை அவருக்கு அனுப்புங்க. அந்த முப்பது பர்சென்ட் செய்தி வந்த அதே வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. கிளம்பப் போற தம்பிக்கு அனுப்புங்க. உங்க தொகுதி எம்.பி.யோட பக்கத்துல, எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, மரியாதையா இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க:

மாமா கொடுத்தா உறவு. மருமகன் திருப்பிக் கொடுத்தா மட்டும் ஏன் அந்நியம்?

(பெரிய தொகை, வெளிநாட்டுச் சொத்து இருக்கிறவங்க இந்தப் பதிவை மட்டும் நம்பாம ஒரு ஆடிட்டரைப் பார்த்துடுங்க.)

தகவல் தொழில்நுட்ப அணி

#மருமகன்_அந்நியன்_அல்ல
#உறவுக்கு_இருபக்கம்
#உண்டியல்_வேண்டாம்